உஷா முதல் செல்லம்மா வரை: பண்டரிபாயின் திரைவாழ்வும் தமிழ்க் குற்றப்படமும்

முன்னுரை

தமிழ்த் திரைப்பட வரலாற்றில் ‘அந்த நாள்’ (1954) பாடல், நடனம், சண்டைக் காட்சி ஆகிய மூன்றும் இல்லாத முதல் தமிழ்ப்படம் என்ற சிறப்பால் நினைக்கப்படுகின்றது. வீணைக் கலைஞர் எஸ். பாலசந்தரின் இயக்கம், ஜாவர் சீதாராமனின் எழுத்து, மாருதிராவின் ஒளிப்பதிவு, நாட்டைக் காட்டிக்கொடுப்பவனாகச் சிவாஜிகணேசன் ஏற்ற வேடம் ஆகியன பற்றிப் பலரும் எழுதியுள்ளனர். ஆயின், அப்படத்தில் கொலையாளி ஒரு மனைவி என்பதும் அம்மனைவியாக நடித்தவர் பண்டரிபாய் என்பதும் கதையின் முடிச்சாக மட்டுமே குறிக்கப்பெறுகின்றன. கணவனைக் கொன்ற மனைவியாக நடித்த ஒருவர் பின்னர்த் தமிழ்த் திரையின் தாயாக மட்டுமே நிலைபெற்றது எவ்வாறு? இவ்வினாவுக்கு விடை காண இக்கட்டுரை முயல்கின்றது. இதற்கு அமெரிக்கத் திரையில் இத்தகைய வேடங்களால் புகழ்பெற்ற நடிகையின் வாழ்வும், தமிழ்க் காப்பிய மரபும் ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

தங்கவயலும் இருமொழிப் பார்வையும்

இவ்வினாவைக் கோலார் தங்கவயலில் இருந்து எழுப்புவதற்குக் காரணம் உண்டு. ஜான் டெய்லர் குழுமத்தின் சுரங்கங்களில் பணிபுரிய வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து வந்த தமிழர்களால் உருவான ஊர் இது. 1956-இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தங்கவயல் மைசூர் மாநிலத்திலேயே நின்றது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்ட பின்னும் இங்கு வாழும் தமிழர் வீட்டில் தமிழும் வெளியில் கன்னடமுமாக வாழ்கின்றனர்.

பண்டரிபாய் கடலோரக் கர்நாடகத்தின் பட்கலில் பிறந்தவர். அவர் திரைக்கு அறிமுகமான படம் ‘வாணி’ (1943) என்னும் கன்னடப் படம். கன்னடத் திரை வரலாறு அவரைத் தன் முதல் பெருநடிகையருள் ஒருவராகக் கொள்கின்றது; தமிழ்த் திரை வரலாறு அவரை ஓர் அன்னையாகக் கொள்கின்றது. இரு வரலாறுகளும் தத்தம் மொழி எல்லைக்குள் நின்று எழுதப்பட்டமையால் ஒரே நடிகையின் வாழ்வு இரு துண்டுகளாயிற்று. இரு மொழியும் அறிந்த எல்லைப்புற வாசகர்க்கு அத்துண்டுகளைச் சேர்த்துப் பார்க்கும் வாய்ப்பு இயல்பாக அமைகின்றது.

நுவார் நடிகை என்னும் வகை

இரண்டாம் உலகப்போர்க் காலத்திலும் அதனை அடுத்தும் அமெரிக்காவில் வெளிவந்த குற்றப்படங்கள் சிலவற்றிற்கு 1946-இல் பிரெஞ்சுத் திறனாய்வாளர் நினோ ஃபிராங்க் ‘ஃபிலிம் நுவார்’ எனப் பெயரிட்டார். ‘கறுப்புத் திரைப்படம்’ என்பது இதன் நேர்ப்பொருள். நிழல் மிகுந்த ஒளியமைப்பு, பின்னோக்கிச் செல்லும் கதைசொல்லல், குற்றத்தில் சிக்கும் நடுத்தர மனிதர், ஆடவனை மயக்கி அழிவுக்குள் இழுக்கும் பெண் ஆகியவை இவ்வகையின் இயல்புகளாகக் கூறப்படுகின்றன.

இவ்வகைக்குரிய நடிகையரில் முதலில் எண்ணத்தக்கவர் பார்பரா ஸ்டான்விக் (1907-1990). பில்லி வைல்டர் இயக்கிய ‘டபுள் இண்டெம்னிட்டி’ (1944) படத்தில் காப்பீட்டுப் பணத்திற்காகக் கணவனைக் கொல்லத் திட்டமிடும் பிலிஸ் என்னும் மனைவியாக அவர் நடித்தார். அதன்பின் ‘தி ஸ்ட்ரேஞ்ச் லவ் ஆஃப் மார்த்தா ஐவர்ஸ்’ (1946), ‘சாரி, ராங் நம்பர்’ (1948), ‘தி ஃபைல் ஆன் தெல்மா ஜோர்டன்’ (1950), ‘கிரைம் ஆஃப் பேஷன்’ (1957) என அவ்வகைப் படங்கள் பதின்மூன்று ஆண்டுகள் அவருக்குத் தொடர்ந்து வந்தன. ஒரு வேடத்தில் வெளிப்பட்ட ஆற்றல் அடுத்த வேடத்தைத் தேடித் தந்தது.

ஸ்டான்விக் தாயாக நடிக்காதவர் அல்லர். பிலிஸாக நடிப்பதற்கு முன்பே ‘ஸ்டெல்லா டல்லாஸ்’ (1937) படத்தில் மகளுக்காகத் தன்னை விலக்கிக்கொள்ளும் தாயாக நடித்தார். முதுமையில் ‘தி பிக் வேலி’ (1965-1969) தொலைக்காட்சித் தொடரில் பண்ணையை ஆளும் தாயாக வந்தார். ஜோன் கிராஃபோர்டு ஆஸ்கர் விருது பெற்ற ‘மில்ட்ரெட் பியர்ஸ்’ (1945) ஒரு தாயை நடுவாகக் கொண்ட குற்றப்படமே. ஆகவே தாய் வேடமும் குற்றப்படமும் தம்முள் பகையானவை என்று கூறுதல் இயலாது. தமிழில் அவை பகையாயின என்பதே ஆராயத்தக்கது.

‘அந்த நாள்’: உஷாவின் தீர்ப்பு

சென்னை நகரின்மீது ஜப்பானிய விமானம் குண்டு வீசிய 11.10.1943-ஐ அடுத்து நிகழும் கதை ‘அந்த நாள்’. வானொலிப் பொறியாளன் ராஜன் சுட்டுக் கொல்லப்படுகின்றான். துப்பறியும் அதிகாரி சிவானந்தம் வீட்டாரையும் அண்டை வீட்டாரையும் விசாரிக்கின்றார். தம்பி பட்டாபி, தம்பி மனைவி ஹேமா, அண்டை வீட்டுச் சின்னையா, ராஜனின் காதற்கிழத்தி அம்புஜம் என ஒவ்வொருவர் கூற்றும் மற்றொருவரைச் சுட்டுகின்றது. இறுதியில் மனைவி உஷாவே சுட்டவள் என்பதும், ராஜன் பகைநாட்டிற்கு இரகசியங்களை விற்றவன் என்பதும் வெளிப்படுகின்றன.

அகிரா குரோசாவாவின் ‘ரஷோமோன்’ (1950), ஆந்தனி அஸ்குவித்தின் ‘தி வுமன் இன் குவெஸ்சன்’ (1950) ஆகிய படங்களோடு இதனை ஒப்பிட்டுப் பேசுவது வழக்கம். ஆனால் ‘ரஷோமோன்’ உண்மையை ஐயத்திலேயே நிறுத்துகின்றது. ‘அந்த நாள்’ உண்மையை உறுதியாகச் சொல்லி முடிகின்றது. அவ்வுண்மையைச் சொல்லும் பொறுப்பு உஷாவிடம் உள்ளது.

படத்தின் பெரும்பகுதியில் உஷா கணவனை இழந்த துயரத்தில் ஒடுங்கிய பெண்ணாகவே தோன்றுகின்றாள். பார்ப்போர் அவளை ஐயுறாமைக்கு இதுவே காரணம். இங்குப் பண்டரிபாயின் நடிப்பு நுட்பமானது. தாழ்ந்த குரல், மிகையில்லாத முகபாவம், அடக்கமான உடலசைவு ஆகியவற்றால் அவர் கட்டமைக்கும் துயரம் பொய்த் துயரம் அன்று. கணவனைக் கொன்றவளும் அவனுக்காக அழுபவளும் ஒருத்தியே. பிலிஸின் முகம் அவள் உள்ளத்தை மறைக்கும் திரை. உஷாவின் முகத்திலோ மறைப்பு ஏதும் இல்லை. அவள் அழுகையும் மெய். அவள் செய்த கொலையும் மெய். அமெரிக்க நுவார் நடிப்பிலிருந்து இது வேறுபடும் இடம் இதுவாகும்.

மயக்கிக் கெடுக்கும் பெண்ணுக்குரிய இடத்தில் அம்புஜம் இருக்க, கொலை கற்புடைய மனைவியின் கையால் நிகழ்கின்றது. பிலிஸ் ஆசையால் கொல்ல முனைகின்றாள்; உஷா நாட்டுக்கடமையால் முனைகின்றாள். உஷாவின் கொலைக்கு ஓர் அறம் உண்டு. ஆயினும் அவ்வறம் அவளை மனைவி என்ற நிலையிலிருந்து விடுவிக்கவில்லை. துப்பாக்கியை ஏந்தியபின்னும் அவள் படும் தயக்கம் இதற்குச் சான்று.

குண்டலகேசியும் உஷாவும்

உஷாவைக் கண்ணகியோடு ஒப்பிடத் தோன்றுவது இயல்பு. கணவன்பொருட்டு அரசனை வழக்கில் வென்றவள் கண்ணகி. நாட்டின்பொருட்டுக் கணவனை வழக்கில் நிறுத்தியவள் உஷா. வழக்கு ஒன்றே, திசை நேர்மாறானது. புறநானூற்றில் காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாடிய முதியவள் உஷாவுக்குச் சற்று நெருங்கி வருகின்றாள். மகன் போரில் புறங்காட்டினான் எனின் அவனுக்குப் பாலூட்டிய மார்பையே அறுத்தெறிவேன் எனச் சூளுரைத்தவள் அவள். எனினும் அவள் மகன் புறங்காட்டவில்லை. சூளுரை செயலாகவில்லை.

செயல்வரை சென்ற மனைவியைத் தமிழில் தேடின் குண்டலகேசியையே அடைகின்றோம். ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றாகிய நாதகுத்தனாரின் அந்நூலில் இன்று கிடைப்பவை 19 பாடல்களே. கதையை நீலகேசி உரை வழி அறிகின்றோம். கொலைக்களத்திற்குக் கொண்டுசெல்லப்பட்ட கள்வன் காளனைக் கண்டு காதலித்து மணந்த பத்திரை, ஊடலில் அவனைக் கள்வன் எனச் சொல்லிவிடுகின்றாள். சினம் கொண்ட அவன் அவளைக் கொல்ல மலையுச்சிக்கு அழைத்துச் செல்கின்றான். இறக்குமுன் கணவனை வலம்வர வேண்டும் எனக் கேட்டு, வலம்வரும்போதே அவள் அவனைத் தள்ளிவிடுகின்றாள்.

கணவனை வலம்வரும் மனைவியின் சடங்கே கொலையின் வழியாகின்றமை இங்கு நோக்கத்தக்கது. உஷாவின் துயரத்தில் காணும் இரட்டைத்தன்மை பத்திரையின் வலத்திலும் உள்ளது. ஆனால் கொலைக்குப்பின் இருவர் நிலையும் வேறாகின்றது. பத்திரை துறவியாகின்றாள், நாவற்கிளை நட்டு அறிஞரை வாதுக்கு அழைக்கின்றாள், இறுதியில் பௌத்தம் தழுவுகின்றாள். கொலை அவள் வாழ்வின் முடிவு அன்று. அறிவு வாழ்வின் தொடக்கம். உஷாவுக்கோ உண்மை வெளிப்பட்டதும் கதை முடிந்துவிடுகின்றது.

தங்கவயல் வாசகர்க்குக் குண்டலகேசி அயலான நூல் அன்று. அயோத்திதாச பண்டிதரின் பௌத்த இயக்கம் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மாரிக்குப்பத்தில் கிளை கொண்டது. அவர் தொடங்கிய ‘தமிழன்’ இதழைப் பின்னர் ஜி. அப்பாதுரையார் இங்கிருந்து நடத்தினார். சாம்பியன் ரீப்சின் சித்தார்த்த புத்தகசாலை பண்டிதரின் நூல்களை வெளியிட்டது. கற்பை மட்டுமே பெண்ணுக்குரிய அறமாகக் கொள்ளாத ஒரு தமிழ் மரபு உண்டு என்பதை நினைவூட்டிய ஊர் இது. அம்மரபின் ஒளியில் காணும்போதுதான் உஷா மேலைநாட்டிலிருந்து இரவல் பெற்ற பாத்திரம் அல்லள் என்பது தெளிவாகின்றது.

ஒரே ஆண்டில் இரு மனைவியர்

‘அந்த நாள்’ 1954 ஏப்ரல் 13 அன்று வெளியாயிற்று. அடுத்த மாதமே எச். எல். என். சிம்ஹா இயக்கிய ‘பேடர கண்ணப்ப’ என்னும் கன்னடப்படம் வெளிவந்தது. ராஜ்குமார் கதைத்தலைவனாக அறிமுகமான அப்படத்தில் அவர் மனைவி நீலாவாக நடித்தவர் பண்டரிபாய். பெரியபுராணத்தில் சேக்கிழார் காட்டும் திண்ணனார்க்கு நாகனும் தத்தையும் பெற்றோராக உளர், மனைவி இல்லை. கன்னடப் படத்திலோ மனைவி உண்டு. இறைவனுக்குக் கண்ணைத் தரும் கணவனுக்கு உறுதுணையாக ஒரு பெண்ணை அப்படம் வைக்கின்றது.

ஆக, ஓராண்டின் இரு மாதங்களில் ஒரே நடிகை, நெறி தவறிய கணவனைத் தண்டித்த மனைவியாகத் தமிழிலும், தொண்டனின் துயரில் பங்குகொண்ட மனைவியாகக் கன்னடத்திலும் தோன்றினார். அதற்கு ஈராண்டு முன்னர், ‘பராசக்தி’ (1952) படத்தில், சிவாஜிகணேசனின் முதற்படத் தலைவியாகிய விமலாவாக, சீர்திருத்தக் கருத்துடைய பெண்ணாக வந்தவரும் அவரே. சிந்திக்கும் பெண், தண்டிக்கும் பெண், துணைநிற்கும் பெண் என மூன்று வழிகள் 1954-இல் அவர்முன் திறந்திருந்தன. தமிழ்த் திரையும் கன்னடத் திரையும் மூன்றாம் வழியையே அகலமாக்கின. கன்னடத்தில் அவர் நடித்த ‘ராயர சொசெ’ (1957) என்னும் படத்தின் பெயரே ‘ராயரின் மருமகள்’ எனப் பொருள்படுவது. உறவுமுறையே வேடத்தின் பெயராயிற்று.

கணவனின் குற்றமும் மனைவியின் அறிவும்

இதன்பின் அவர் ஏற்ற தமிழ் வேடங்களை உறவுமுறைப் பட்டியலாகவே எழுதிவிடலாம். ‘எங்க வீட்டுப் பிள்ளை’ (1965) படத்தில் எம்.ஜி.ஆரின் அக்காள்; ‘குடியிருந்த கோயில்’ (1968) படத்தில் தாய். திரையில் மகனான அந்நடிகர் தாயாக நடித்தவரினும் பத்தாண்டுக்கும் மேல் மூத்தவர் என்பது குறிப்பிடத்தக்கது.

இவற்றினும் கருதத்தக்கவை சிவாஜிகணேசனோடு அவர் நடித்த இரு படங்கள். ‘தெய்வமகன்’ (1969) படத்தில் மூன்று வேடம் ஏற்ற சிவாஜிக்கு, ஒருவருக்கு மனைவியாகவும் மற்ற இருவருக்குத் தாயாகவும் நடித்தார். முகம் சிதைந்து பிறந்த குழந்தையைக் கொன்றுவிடுமாறு மருத்துவரிடம் சொல்கின்றான் கணவன் சங்கர். அதனை மனைவியிடம் மறைக்கின்றான். ‘அந்த நாள்’ படத்திலும் இதே இணை. அங்கும் கணவன் மறைத்த குற்றம் உண்டு. அங்கே மனைவி அதனை அறிகின்றாள், எடைபோடுகின்றாள், தண்டிக்கின்றாள். இங்கே அறிதலே அவளுக்கு மறுக்கப்படுகின்றது. அறியும்போது அவளிடம் எஞ்சுவது தாய்ப்பாசம் மட்டுமே. குற்றத்தை எடைபோடும் உரிமை மகனுக்குச் சென்றுவிடுகின்றது.

‘கௌரவம்’ (1973) இதனை மேலும் தெளிவாக்கும். குற்றவாளியைத் தன் வாதத்திறமையால் விடுவிக்கும் வழக்கறிஞர் ரஜினிகாந்தாகவும், அவருக்கு எதிர்நின்று வாதிடும் வளர்ப்பு மகன் கண்ணனாகவும் சிவாஜி நடித்தார். வழக்கறிஞரின் மனைவி செல்லம்மா பண்டரிபாய். கணவனின் செயல் அறமன்று என்பது இங்கு மறைவான செய்தி அன்று, ஊரறிந்தது. தீர்ப்போ நீதிமன்றத்தில் இரு ஆடவரிடையே நடைபெறுகின்றது. கணவன் பக்கமும் மகன் பக்கமும் நின்று வருந்துவதே செல்லம்மாவின் பணி. உஷா செய்ததை இப்போது சட்டமும் மகனும் செய்கின்றனர்.

1954, 1969, 1973 ஆகிய இம்மூன்று படங்களையும் வரிசையாக வைத்தால் ஒரு போக்கு புலனாகும். ஒரே இணை, கணவனிடம் ஒரு குற்றம், அதன் எதிரே ஒரு மனைவி. முதற்படத்தில் அறிவும் செயலும் அவளுடையவை. இரண்டாவதில் அறிவு அவளுக்கு இல்லை. மூன்றாவதில் அறிவு உண்டு, செயல் இல்லை.

இரு மறுப்புகள்

இதற்கு எதிராக இரு கருத்துகள் கூறப்படலாம். முதலாவது, ‘அந்த நாள்’ வெளியான காலத்தில் வணிக வெற்றி பெறவில்லை. அவ்வகைப் படமே வளராதபோது அவ்வகை நடிகை எவ்வாறு வளர்வார் என்பது. இது ஓரளவே பொருந்தும். ஏனெனில் குற்றப்படம் தமிழில் அற்றுப்போகவில்லை. பாடல்களோடு அது திரும்பி வந்தது. ‘புதிய பறவை’ (1964), ‘அதே கண்கள்’ (1967) ஆகியவை மக்களால் விரும்பப்பட்டன. அவற்றில் பண்டரிபாய்க்கு ஒப்பான வேடம் இல்லை. ‘புதிய பறவை’யில் இல்லறத்திற்கு அடங்காத மனைவி சித்ரா கணவன் கையால் இறக்கின்றாள்; அன்பால் நெருங்கும் லதா காவல்துறைக்காக உளவறிய வந்தவள். தண்டிக்கும் உரிமை மனைவியிடமிருந்து அரசுக்கு மாறிவிட்டமை இங்கும் தெரிகின்றது.

இரண்டாவது மறுப்பு வயது. நடிகையர்க்கு வயது ஏறின் தாய் வேடம் வருவது எங்கும் வழக்கம் எனலாம். ஆனால் சித்ராவாக நடித்த சௌகார் ஜானகி பண்டரிபாயினும் மிகுதியாக இளையவர் அல்லர். சிவாஜிகணேசனும் பண்டரிபாயும் ஏறத்தாழ ஒத்த வயதினர். ஆயினும் ஒருவர் மகனாக, மற்றவர் தாயாக நின்றனர். வயது தடையாவது நடிகைக்கு மட்டுமே எனில் அது வயதின் சிக்கல் அன்று. வேடம் வகுக்கும் முறையின் சிக்கல்.

தாய் வேடங்களைத் தாழ்ந்தவை எனக் கருதுவதும் பிழையாகும். ‘மன்னன்’ (1992) படத்தில் ரஜினிகாந்தின் தாயாக அவர் வந்தபோது, ஒரு தலைமுறையே அம்முகத்தில் தன் தாயைக் கண்டது. மிகையில்லாத அதே நடிப்பே அங்கும் செயற்பட்டது. அந்நடிப்பு எதற்கெல்லாம் பயன்படக்கூடியது என்பதை ‘அந்த நாள்’ காட்டியிருந்தது. திரையுலகம் அதில் ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டது. 2003 ஜனவரியில் பண்டரிபாய் மறைந்தபோதும் அவர் அன்னை நடிகை என்றே பெரிதும் நினைவுகூரப்பட்டார்.

முடிவுரை

ஆய்வின்வழி எய்தும் முடிவுகள் வருமாறு:

அமெரிக்கத் திரை நடிகைக்குப் பட வகையின்வழி வேடம் தந்தது. தமிழ்த் திரை உறவுமுறையின்வழி வேடம் தந்தது. இதனால் ஸ்டான்விக்குக்குத் தாய் வேடமும் கொலையாளி வேடமும் அருகருகே இயன்றன. பண்டரிபாய்க்கு ஒன்று மற்றொன்றை விலக்கிற்று.

உஷா மேலைநாட்டு மயக்குப்பெண்ணின் சாயல் அல்லள். அறியும் உரிமையும் தண்டிக்கும் உரிமையும் உடைய மனைவி என்ற வகையில் அவள் குண்டலகேசியின் மரபினள். அம்மரபைத் தமிழ்த் திரை ஒருமுறை தொட்டு விட்டுவிட்டது.

‘அந்த நாள்’ படத்தைப் பாடல் இல்லாத படம் எனக் குறிப்பது அதில் இல்லாததைக் கொண்டு அதனை அடையாளப்படுத்துவதாகும். அதில் உள்ளதைக் கொண்டு அடையாளப்படுத்தின் அது தீர்ப்பளிக்கும் மனைவியின் படம்; எனவே பண்டரிபாயின் படம்.

குண்டலகேசியில் 19 பாடல்களே எஞ்சின. உஷாவின் முகமோ படச்சுருளில் முழுமையாக உள்ளது. அதனைக் காணாதிருந்ததற்கு மூலம் கிடைக்கவில்லை என்ற காரணத்தைத் திறனாய்வு கூறுதல் இயலாது. ஒரு மொழியின் எல்லைக்குள் நின்று நடிகையர் வாழ்வை எழுதும் வழக்கத்தை விடுத்துத் தமிழ், கன்னடம் ஆகிய இரு மொழிப் படங்களையும் உடன்வைத்துப் பண்டரிபாயின் திரைவாழ்வை முழுமையாக எழுதுதல் இனிச் செய்யத்தக்க பணியாகும்.